கையெழுத்து உள்ள கேசட்டை முதலில் எடுங்கள்

பரணிலும் பீரோவின் அடித்தட்டிலும் பழைய கேசட்டுகளை வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு,

உங்கள் வீட்டில் இருக்கும் ஒலிநாடாக்கள் இரண்டு வகை. ஒன்று, பாட்டோடு கடையில் விலைக்கு வாங்கியவை: அச்சடித்த அட்டை, நடிகர் படம், பாடல் வரிசை எல்லாம் இருக்கும். மற்றது, வெற்றுக் கேசட்டாக வாங்கி நீங்களோ உங்கள் பெரியவர்களோ பதிவு செய்தவை. டிடிகே, சோனி, மெல்ட்ராக் என்று ஏதோ ஒரு பெயர் இருக்கும். அதன் கீழே நீல மையில், பாதி மங்கிய கையெழுத்தில் 'அப்பா பேச்சு', 'கும்பாபிஷேகம்', 'துபாய் மாமா' என்று ஒரு வரி இருக்கும். சிலவற்றில் அந்த ஒரு வரியும் இராது. இந்த மடல் இரண்டாவது வகையை முன்னிட்டு எழுதப்படுகிறது.

கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்ற உட்காரும் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் வேலை நடக்கிறது. முதல் நாள் ஆர்வத்தோடு இளையராஜா பாடல்கள், அடுத்து பக்திப் பாடல்கள், பிறகு பழைய டி.எம்.எஸ். இவை ஓடி முடிவதற்குள் ஆர்வமும் தீர்ந்துவிடுகிறது, பிளேயரின் பெல்ட்டும் அறுந்துவிடுகிறது. அந்தப் பாடல்களுக்கெல்லாம் நிறுவனங்களிடம் மூலப்பதிவு இருக்கிறது; உங்கள் கைபேசியிலேயே அதைவிடத் தெளிவாகக் கேட்கலாம். கையெழுத்து உள்ள கேசட்டுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. எஞ்சியிருக்கும் உழைப்பையும் இயந்திரத்தின் எஞ்சிய ஆயுளையும் எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்க இந்த ஒரு வேறுபாடு போதும்.

அந்தக் கேசட்டுகளில் என்ன இருக்கிறது என்று உங்களில் பலர் மறந்திருப்பீர்கள். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட்டை அறிமுகப்படுத்தியது. தமிழ்நாட்டு வீடுகளுக்குள் அது பெருவாரியாக நுழைந்தது 1970-களின் பிற்பகுதியிலும் 80-களிலும், பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து வந்தவர்களின் பெட்டியில் இருந்த டூ-இன்-ஒன் (வானொலியும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த பெட்டி) வழியாக. டிரங்க் கால் போட்டு இரைந்து மூன்று நிமிடம் பேசுவதைவிட, ஒரு மணி நேரம் கேசட்டில் பேசி ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவது மலிவு. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அதுதான் கடிதம். 1983-க்குப் பிறகு கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சிதறிய ஈழத்தமிழ்க் குடும்பங்களும் இப்படிப் பேசியனுப்பின. இவை போக, கோயில் கொடையில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்து எடுத்த வில்லுப்பாட்டு, வாரியார் சொற்பொழிவு, பாட்டியின் தாலாட்டு, குழந்தையின் முதல் திருக்குறள், கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிய அரை மணி நேரம்.

இதே வீடுகளில் புகைப்படங்களுக்குக் கிடைத்த மரியாதை வேறு. கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்தீர்கள், பெரிதாக்கிச் சட்டம் போட்டீர்கள், திவசத்துக்குத் திவசம் மாலை போடுகிறீர்கள். அதே மனிதரின் குரல் இரண்டு அடி தள்ளி ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கிறது. பெயர் சொல்லி அவர் கூப்பிட்ட விதமும், அவருடைய ஊர்ப்பேச்சும், சிரிப்பும் படத்தில் இல்லை. வீட்டை வெள்ளையடிக்கும்போது முதலில் வெளியே போவது அந்த டப்பாதான். இது நியாயமில்லை.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. நாடா என்பது பாலியெஸ்டர் படலத்தின் மேல் இரும்பு ஆக்சைடு தூளைப் பசையோடு பூசியது. அகலம் 3.81 மில்லிமீட்டர், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில், ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் தொட்டபடி ஓடுகிறது. சி-60 கேசட்டில் சுமார் 86 மீட்டர் நாடா இருக்கும். சி-90-இல் நாடா அதைவிட நீளம், ஆகவே மெல்லியது. சி-120 இன்னும் மெல்லியது, எளிதில் இழுபட்டுச் சிக்கும். வறண்ட, இருண்ட இடத்தில் இருந்த நாடா நாற்பது ஆண்டுக்குப் பிறகும் பாடும். ஆனால் நம் ஊர் ஈரமும் பரண் வெக்கையும் அதற்கு ஆகாது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-இலேயே ஓர் எச்சரிக்கை விட்டது: 2025-க்குள் டிஜிட்டலாக மாற்றப்படாத நாடாக்களில் பெரும்பாலானவை என்றைக்குமாக இழந்தவையே. நாடா கெடுவதை மட்டும் நினைத்துச் சொன்னதல்ல அது. ஓட்டுவதற்கு இயந்திரம் இருக்காது, பழுது பார்க்கத் தெரிந்தவர் இருக்க மாட்டார் என்பதும் அதில் அடங்கும். உங்கள் ஊரில் டேப் ரிக்கார்டர் மெக்கானிக் கடை இருந்த இடத்தில் இப்போது என்ன கடை இருக்கிறது என்று பார்த்தால் விளங்கும்.

வேலையைத் தொடங்குமுன் செய்ய வேண்டியது, அழியாமல் காப்பது. ஏ பக்கம் உங்களைப் பார்க்க, நாடா தெரியும் விளிம்பு கீழே இருக்கக் கேசட்டைப் பிடியுங்கள். மேல் விளிம்பின் இடது மூலையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் ஏ பக்கத்தில் இனி எதுவும் பதிவாகாது. வலது மூலைத் தகடு பி பக்கத்துக்கு. ஏற்கெனவே உடைத்த இடத்தில் செலோடேப் ஒட்டியிருந்தால், மறுபடி பதிவு செய்ய யாரோ ஒட்டியது, பிய்த்துவிடுங்கள். தவறான பொத்தானில் விரல் பட்டுத் தாத்தாவின் குரல் மேல் வெறும் அமைதி பதிவான வீடுகள் எத்தனையோ.

அடுத்து, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி வழியே தெரியும் நாடாச் சுருளின் விளிம்பு சீரான பழுப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகப் பொடி படர்ந்திருந்தால் பூஞ்சை. அந்தக் கேசட்டைப் பிளேயரில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த கேசட்டுக்கும் பரவும், மூச்சுக்கும் கேடு. தனியாக ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள். அனுபவமுள்ளவர் கைக்குப் போக வேண்டியது அது. பூஞ்சை இல்லாதவற்றில், ஹெட் தொடும் இடத்துக்கு நேர் பின்னால் மெல்லிய உலோகத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் சிறு கம்பளித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கிக் கேட்கும். பலர் கேசட்டைக் குறை சொல்லித் தூக்கிப் போடுவது அப்போதுதான். பல்சக்கரத்தில் பென்சிலைச் செருகிச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் கேசட்டைத் தட்டையாகப் பிடித்து உள்ளங்கையில் இரண்டு மூன்று முறை தட்டினால் சுருள் தளரும். பிறகு ஒருமுறை கடைசி வரை முன்னோக்கி ஓட்டி, மறுபடி தொடக்கத்துக்குச் சுற்றுங்கள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்த நாடாவை எடுத்த எடுப்பில் பதிவுக்கு ஓட்டினால் இழுத்து இழுத்துப் பாடும்.

நாடா அறுந்திருந்தால் அழத் தேவையில்லை. பெரும்பாலும் அறுவது தொடக்கத்திலோ கடைசியிலோ, நிறமற்ற துண்டு நாடாவோடு சேரும் இடத்தில். செலோடேப்பால் ஒட்டாதீர்கள், அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். இதற்கென்றே விற்கும் ஸ்பிளைசிங் டேப்பை, ஹெட்டைத் தொடாத உட்புற முகத்தில் ஒட்ட வேண்டும். கூடு விரிந்துபோயிருந்தால், ஐந்து சிறு திருகாணி போட்ட வேறு கேசட்டைத் திறந்து, அதன் கூட்டுக்குள் உங்கள் நாடாவை அப்படியே எடுத்து வைக்கலாம். விலைக்கு வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட்டுகளுக்கு இன்றைக்கு உள்ள உருப்படியான உபயோகம் இதுதான்.

இயந்திரத்தைப் பற்றி. கேசட்டைக் கணினியில் நேராகச் செருகி மாற்றலாம் என்று விளம்பரத்தோடு வரும் சிறிய யுஎஸ்பி பிளேயர்கள் மலிவு, ஒலியும் மலிவு. புதிதாக வரும் கேசட் பிளேயர்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஒரே மாதிரியான எளிய இயங்குமுறைதான் இருக்கிறது. வேகம் ஒரு நிலையில் நிற்பதில்லை. பழைய நல்ல டெக் ஒன்று உறவினர் வீட்டில் கிடந்தால் அதைச் சரிசெய்வதே மேல். பெரும்பாலும் கெட்டிருப்பது ரப்பர்தான்: பெல்ட் தொய்ந்தோ உருகியோ போயிருக்கும், நாடாவை இழுக்கும் உருளை கண்ணாடிபோல் வழவழத்திருக்கும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் பெல்ட் கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்பு ஹெட்டையும் அதன் பக்கத்தில் சுழலும் உலோகத் தண்டையும் காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் எண்ணெய்ச் சேர்மானம் இருக்கக்கூடும், அது வேண்டாம். ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும். குச்சியில் பழுப்பாக வருவது பழைய நாடாக்கள் உதிர்த்த ஆக்சைடு. அது படிந்த ஹெட்டில் எந்தக் கேசட்டும் கம்பளி போர்த்திக்கொண்டுதான் பேசும்.

துடைத்த பிறகும் குரல் மங்கலாக இருந்தால், பலருக்குத் தெரியாத ஒரு காரணம் உண்டு. ஹெட்டின் நடுவே உள்ள இடுக்கு நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். உங்கள் வீட்டுக் கேசட்டைப் பதிவு செய்த டூ-இன்-ஒன்னில் ஹெட் இம்மி சாய்ந்திருந்தால், பதிவும் அதே சாய்வில் விழுந்திருக்கும். நேராக நிற்கும் ஹெட்டால் அதன் கூர்மையைப் படிக்க முடியாது. ஹெட்டுக்கு ஒரு பக்கத்தில் சாய்வைத் திருத்தும் சிறு திருகாணி இருக்கும். கேசட் ஓடும்போதே, காந்தமேறாத சிறு ஸ்க்ரூ டிரைவரால் அதை மிக மெல்லத் திருப்புங்கள். 'ச', 'ஸ' ஒலிகள் பளிச்சென்று கேட்கும் புள்ளியில் நிறுத்துங்கள். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. பெரும்பாலான வீட்டுப் பதிவுகள் மோனோ என்பதால், இரண்டு தடங்களையும் ஒன்றாகக் கலந்து கேட்டபடி திருப்பினால் அந்தப் புள்ளி எளிதில் பிடிபடும். வாடிக்கையாகக் கேசட் மாற்றித் தரும் கடைகளில்கூடப் பலர் இதைச் செய்வதில்லை.

இரைச்சல் குறைக்கும் டால்பி பொத்தானை அணைத்தே வையுங்கள். அட்டையில் டால்பி என்று குறித்திருந்தால் மட்டும் அது வேண்டும். வீட்டு டூ-இன்-ஒன்களில் அது அபூர்வம்.

கைபேசியை ஸ்பீக்கர் முன்னால் வைத்துப் பதிவு செய்வது மாற்றுவதாகாது. விசிறிச் சத்தமும் அறையின் எதிரொலியும் சேர்ந்து, இருப்பதும் கெட்டுப்போகும். பிளேயரிலிருந்து கணினிக்கு வயர்தான் போக வேண்டும். டெக்கின் பின்புறம் சிவப்பும் வெள்ளையுமாக 'லைன் அவுட்' துளைகள் இருந்தால் அங்கிருந்து எடுங்கள்; டூ-இன்-ஒன்னில் ஹெட்போன் துளையிலிருந்து, ஒலியளவைப் பாதியில் வைத்து எடுக்கலாம். மடிக்கணினியில் உள்ள ஒற்றைத் துளை பெரும்பாலும் மைக்குக்கானது. அதில் செருகினால் ஒலி உடைந்து கரகரக்கும். நடுவில் ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். பெஹ்ரிங்கர் யுசிஏ 202 போன்ற எளிய பெட்டியே பேச்சுக்குப் போதும்; அதில் 16 பிட் வரைதான் எடுக்க முடியும் என்பதை மட்டும் அறிந்திருங்கள். ஊமென்று ஓர் இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பாதி வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆடாசிட்டி இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உலக ஒலி, ஒளிக் காப்பகங்களின் சங்கம் குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று பரிந்துரைக்கிறது. 96 கிலோஹெர்ட்ஸ் இன்னும் நல்லது என்கிறது. காப்பகங்களுக்கு அது சரி. வீட்டுக் கேசட்டின் பேச்சுக்கு 48 தாராளம். 'வேவ்' கோப்பாகச் சேமியுங்கள். ஒரு மணி நேரக் கேசட் ஏறக்குறைய 1 ஜிபி பிடிக்கும்; நூறு கேசட் இருந்தாலும் 128 ஜிபி பென் டிரைவுக்குள் அடங்கிவிடும். இடம் மிச்சம் பிடிக்க மூலத்தையே எம்பி3 ஆக்குவதற்கு இன்றைக்கு நியாயமே இல்லை. உறவினருக்கு அனுப்ப எம்பி3 பிரதி தனியே எடுத்துக்கொள்ளுங்கள். பதிவின்போது அளவுமானியின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தை முட்டி உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கைதட்டலும் குழந்தையின் கத்தலும்தான் முதலில் முட்டும். விண்டோஸில் ஒலியை 'மேம்படுத்தும்' வசதி தானாகவே இயங்கும், அதை அணையுங்கள். கணினி நடுவில் தூங்கப் போகாமலும், மின்னஞ்சல் வந்த மணியோசை தாத்தாவின் பேச்சில் பதிவாகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். இதில் குறுக்குவழி கிடையாது.

ஒரு பக்கத்தை முழுக்க, ஒரே கோப்பாக, நாடா தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பேச்சு முடிந்துவிட்டதென்று நிறுத்துகிறவர்கள் இழப்பது எது என்று அவர்களுக்கே தெரிவதில்லை. கேசட் விலை கொடுத்து வாங்கிய பொருள். ஒன்றின் மேல் ஒன்றாக அழித்து அழித்துப் பதிவு செய்தார்கள். மேலே பதிவான வானொலிப் பாட்டு 'டக்' என்று நின்றதும், அதன் அடியிலிருந்து ஐந்தாறு ஆண்டு முந்தைய குரல் பாதி வாக்கியத்தில் எழுந்து வரும். பி பக்கத்தின் கடைசி மூன்று நிமிடத்தில்தான் ஒரு குடும்பத்தில் மூத்தவரின் ஒரே பதிவு இருக்கக்கூடும். தகடு இருந்த இடத்தில் செலோடேப் ஒட்டிய சினிமாக் கேசட்டையும் இதே காரணத்துக்காக ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே ஒதுக்குங்கள்.

பதிவான கோப்பைச் 'சுத்தம்' செய்யும் ஆசை உடனே வரும். மூலக் கோப்பில் அதைச் செய்யாதீர்கள். இரைச்சல் நீக்கும் கருவிகள் நாடாவின் 'ஸ்ஸ்' ஒலியோடு சேர்த்து மெய்யெழுத்துகளின் கூர்மையையும் அரித்துவிடும். பேசுகிறவர் தண்ணீருக்கடியிலிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. நீங்கள் இரைச்சல் என்று நினைப்பதில் பாதி, அந்த வீடு. குக்கர் விசில், கிணற்றுச் சகடை, 'கேசட்டு ஓடுதா பாரு' என்று யாரோ உள்ளிருந்து கேட்பது, பக்கத்து வீட்டு ரேடியோவில் டெல்லிச் செய்தி. அந்தச் செய்தியில் வரும் ஒரு பிரதமர் பெயரோ புயல் தகவலோ, தேதி எழுதாத கேசட்டுக்குத் தேதி சொல்லிவிடும். கேட்பதற்கு இதமாக ஒரு பிரதி வேண்டுமென்றால் நகலெடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள்.

திருத்தியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது: வேகம். மின்சாரம் நிச்சயமில்லாத ஊர்களில் டேப் ரிக்கார்டரைப் பாட்டரிக் கட்டையில் ஓட்டினார்கள். கட்டை தீரத் தீர மோட்டார் மெதுவாகும். மெதுவாக ஓடும்போது பதிவானது, சரியான வேகத்தில் ஓடும் பிளேயரில் வேகமாகவும் கீச்சுக்குரலாகவும் கேட்கும். கேசட்டின் தொடக்கத்தில் இயல்பாகப் பேசும் அத்தை, முடிவில் சிறுமிபோல் பேசினால் காரணம் இதுதான். ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியால், பகுதி பகுதியாக, நகலில் திருத்தலாம். மின்சாரத்தில் ஓட்டிப் பதிவு செய்திருந்தால் அடியில் 50 ஹெர்ட்ஸ் முனகல் படிந்திருக்கும். அது 53-இல் தெரிந்தால் ஆறு விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்று பொருள். அந்த நாளைய மின்னோட்டமும் 50-இல் அசையாமல் நின்றதில்லை, உங்கள் பிளேயரும் தன் பங்குக்கு ஒரு முனகலைச் சேர்க்கும். ஆகவே இதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் குரலை நேரில் கேட்ட ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் சொல்வதே தீர்ப்பு.

அப்படி ஒருவர் இன்று இருக்கிறார் என்பதுதான் உங்களிடம் உள்ள பெரிய வசதி. கோப்புக்கு 'ட்ராக் 1' என்று பெயர் வைத்து மூடிவிட்டால், இருபது ஆண்டு கழித்து உங்கள் பேரப்பிள்ளைக்கு அது யாரோ முகம் தெரியாதவரின் பேச்சு. கோப்பின் பெயரிலேயே ஆண்டு, ஊர், பேசுகிறவர், எந்தப் பக்கம் என்பதை எழுதுங்கள். கேசட்டின் இரு பக்கத்தையும் அட்டையையும் படமெடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். அந்தக் கையெழுத்தும் ஆவணம்தான். பிறகு வீட்டிலுள்ள மூத்தவரை உட்கார வைத்துப் பதிவைப் போடுங்கள். 'இது யார் சித்தி?' என்று நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் யார் குரல், யாரைப் பற்றிய பேச்சு என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் விளக்கத்தையும் கைபேசியில் பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது. நாடா இன்னும் பத்தாண்டு தாங்கினாலும் தாங்கும். அதிலுள்ள குரல்களை அடையாளம் சொல்லக்கூடியவர் எண்பதைத் தாண்டியிருக்கிறார்.

சேமிப்பில் ஒரே விதி: ஒரு பிரதி பிரதியே ஆகாது. வீட்டுக் கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதைச் சேமிப்பு என்று எண்ண வேண்டாம். ஆடியோவாக அனுப்பினால் தரமும் குறையலாம், கைபேசி மாறும்போது காணாமலும் போகும். அனுப்பித்தான் ஆகவேண்டுமென்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். மாற்றி முடித்த பிறகும் மூலக் கேசட்டை எறியாதீர்கள். கடைசி வரை சுற்றி, டப்பாவில் நிற்க வைத்து, ஸ்பீக்கர் காந்தத்துக்கும் வெயிலுக்கும் எட்டாமல் வைத்திருங்கள்.

இவ்வளவும் செய்ய நேரமோ கையோ இல்லாதவர்கள் கடையில் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த இயந்திரத்தில் ஓட்டுவீர்கள், 'வேவ்' கோப்பு தருவீர்களா, கேசட்டைத் திருப்பித் தருவீர்களா. எம்பி3 மட்டும்தான் என்று சொல்கிற கடை உங்களுக்கு உரியதல்ல. மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், முக்கியமில்லாத ஒன்றைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

மாற்றியதை எல்லோருக்கும் அனுப்பும் அவசரமும் வேண்டாம். கேசட் கடிதங்களில் கடன் கணக்கு இருக்கும், மாமியார் மருமகள் சண்டை இருக்கும், பேசியவர்களில் சிலர் உயிரோடும் இருப்பார்கள். முதலில் நீங்கள் தனியாகக் கேளுங்கள், பேசியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். விலைக்கு வாங்கிய கேசட்டின் பதிவை இணையத்தில் ஏற்றுவதற்கு உங்களுக்கு உரிமை இல்லை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவு உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. மாறாக, ஒப்பாரி, வில்லுப்பாட்டு, தெருக்கூத்து, ஊர்க்கதை போன்றவை உங்களிடம் இருந்தால் அவை வீட்டோடு முடங்க வேண்டியவை அல்ல. 1982 முதல் இயங்கும் குருகிராமின் இசைப் பண்பாட்டு ஆவண, ஆய்வு மையம், ஈழத்து ஆவணங்களைத் திரட்டும் நூலகம் நிறுவனம் போன்றவற்றுக்கு எழுதிக் கேட்கலாம். பாடியவர்களின் பெயரும் ஊரும் சேர்த்துக் கொடுங்கள். உங்களிடம் ஒரு பிரதி இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகு கொடுங்கள்.

கேட்டுக்கொள்வது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்குங்கள். கையெழுத்து உள்ளவற்றையும் ஒன்றுமே எழுதாதவற்றையும் தனியே பிரியுங்கள், தகடுகளை உடையுங்கள், பூஞ்சை பிடித்ததை ஒதுக்குங்கள். பிளேயர் இல்லையென்றால் சொந்தபந்தத்தில் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். ஒரு தெருவுக்கு ஒரு நல்ல டெக் போதும், மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். பேசியவர் இறந்துபோன ஒரு கேசட்டை முதலில் எடுங்கள், அதை அடையாளம் சொல்லக்கூடியவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் ஒருமுறை கடைசி வரை ஓட்டிக் கேட்டு முடிக்கும் வரை, ஒரு கேசட்டைக்கூடப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள்.